எலி வளைக்குள் போன பிறகு: மூன்று நாட்டு நாய்க் குட்டிகளைப் பார்த்த பதினான்கு மாதங்கள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில், மாரண்டஹள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி போகும் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் எட்டும் ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் பிற காய்கறிகளும் மாறி மாறி வரும். மீதி மானாவாரி, அதில் ஆடிப்பட்டத்தில் நிலக்கடலையும், அதையொட்டிய துண்டில் அவரையை ஊடுபயிராக வைத்துக் கேழ்வரகும் விதைப்போம். கடலை பிஞ்சு பிடிக்கும் நாளிலிருந்து எலித் தொல்லை தொடங்கிவிடும். மணி என்ற நாட்டு நாய் பதினோரு ஆண்டுகள் எங்களிடம் இருந்தது. அது இருந்தவரையில் அந்தத் தொல்லை எவ்வளவு பெரியது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. மூப்பில் அது இறந்த ஆண்டு அறுவடையின்போது வரப்போரம் ஒரே ஒரு வளையை வெட்டிப் பார்த்ததில், உள்ளறையிலிருந்து இரண்டு படிக்கு மேல் முற்றிய கடலையை அள்ளினோம். அடுத்த நாயைத் தேடியபோது, இம்முறை கண் போன போக்கில் ஒன்றைத் தூக்கி வராமல், பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேட்டை என்று நான் சொல்வது எலி வேட்டையை மட்டுமே. முயல், உடும்பு, மயில், காட்டுப்பன்றி ஆகிய அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்ட பிறகு, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களின் காடுகளில் ஒரு பெரிய பகுதி சரணாலயத்துக்குள் வந்துவிட்டது. எனவே எனக்கு வேண்டியது வயலில் எலி இருக்கும் வளையைக் காட்டி, வெளியே வரும் எலியைப் பிடித்து, கூப்பிட்டால் திரும்பி வரும் நாய். காட்டுக்குள் ஓடும் நாய் எவ்வளவு சூட்டிகையாக இருந்தாலும் எனக்குப் பயன்படாது.

எங்கள் தெருவில் ஒரு மாட்டுக் கொட்டகையைக் காக்கும் சாம்பல் நிறப் பெட்டை, தை மாதக் கடைசியில் ஐந்து குட்டிகள் ஈன்றது. தகப்பன் யார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். ராஜபாளையம் என்று சொன்னவரும் உண்டு, ஆனால் குட்டிகளில் ஒன்றுகூட அப்படித் தெரியவில்லை. தாயைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. வைக்கோல் போரைப் பிரிக்கும்போது அது ஓரத்தில் நின்று எலி பிடித்ததை இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். குட்டியின் முகத்தையும் வாலையும் உற்றுப் பார்ப்பதைவிட, தாய் வேலை செய்யும் இடத்துக்குப் போய் அரை மணி நேரம் நின்று பார்ப்பதில்தான் விவரம் அதிகம் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

குட்டிகளுக்கு ஏழு வாரம் ஆனபோது நான்கு சோதனைகள் செய்தேன். கயிற்றில் கட்டிய துணியை இழுத்து, எது முதலில் பாய்கிறது என்று பார்த்தேன். எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டு, திடுக்கிட்டு ஓடிய குட்டி எவ்வளவு நேரத்தில் தட்டின் அருகே திரும்பி வருகிறது என்று எண்ணினேன். ஒவ்வொரு குட்டியையும் கொட்டகையின் மறுகோடியில் தனியே விட்டு, அழுகிறதா, முகர்ந்து பார்க்கிறதா என்று கவனித்தேன். நான்காவதாக, மூன்று கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து, குட்டி பார்க்கும்படி ஒன்றின் அடியில் கருவாட்டுத் துண்டை வைத்து, அதை ஒரு முறை எடுத்துத் தின்னவிட்டேன். அடுத்த முறை வைப்பதுபோல் வைத்து, குட்டி அறியாமல் எடுத்துவிட்டு, வெறும் கொட்டாங்கச்சியிடம் அது என்ன செய்கிறது என்று பார்த்தேன்.

துணிச் சோதனையை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. முதல் நாள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலில் பாய்ந்தது செவலை நிறக் கடுவன். மூன்றாம் நாள் அது வயிறு முட்டப் பால் குடித்திருந்ததால் துணியின் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. தட்டுச் சோதனை ஓரளவு உதவியது. ஒரு குட்டி மட்டும் கால் மணி நேரம் ஆகியும் தட்டின் பக்கம் திரும்பவில்லை, மறுநாளும் அப்படியே இருந்தது. கொட்டாங்கச்சிச் சோதனையில் நடந்ததை நான் சரியாக எழுதி, தவறாகப் படித்தேன். செவலை வெறும் ஓட்டைப் புரட்டியது, ஒரு நொடி முகர்ந்தது, கோழியைக் கண்டதும் அந்தப் பக்கம் ஓடிவிட்டது. கருப்புப் பெட்டை அதே ஓட்டின் உட்புறத்தை நக்கியது, சுற்றி வந்தது, மற்ற இரண்டையும் முகர்ந்துவிட்டு மீண்டும் முதல் ஓட்டுக்கே வந்தது, நான் நூறு எண்ணும் வரையில் அங்கிருந்து போகவில்லை. செவலைக்கு நேராக ‘சுறுசுறுப்பு’ என்றும், கருப்பிக்கு நேராக ‘மந்தம்’ என்றும் எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தை இப்போது என் மகள் வீட்டுக்கு வருபவர்களிடம் எடுத்துக் காட்டுகிறாள்.

நான் கேட்டு வாங்கியது செவலையை. கருப்பி எங்களிடம் வந்ததற்குக் காரணம், பெட்டைக் குட்டியை யாரும் கேட்கவில்லை என்பதுதான். வெள்ளைப் பாதங்கள் கொண்ட இன்னொரு கடுவனை என் மச்சான் எடுத்துக்கொண்டார். அதை வெள்ளக்கால் என்று கூப்பிட்டார். ஒன்று ஆடு மேய்ப்பவரிடம் போனது. மற்றொன்று இரத்தக் கழிச்சல் கண்டு இரண்டே நாளில் இறந்தது. அந்தச் சாவுக்குப் பிறகுதான் நான் கால்நடை மருந்தகத்துக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினேன். கூட்டுத் தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பப் போட்டு, மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டோம். எலி பிடிக்கப்போகும் நாய் என்று சொன்னதும், எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலுக்கான தடுப்பும் அடங்கிய ஊசியை மருத்துவர் பரிந்துரைத்தார். இது நாய்க்கு மட்டுமான எச்சரிக்கை அன்று. செத்த எலியை வெறுங்கையால் எடுப்பதை நானும் அன்றோடு விட்டேன்.

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையில் நான் எந்த எலியையும் குட்டிகளிடம் காட்டவில்லை. நான்காம் மாத அளவில் பால்பற்கள் விழத் தொடங்கும். ஆறு, ஏழு மாதத்துக்குள் நிலைப்பற்கள் முளைத்து முடியும். ஈறு வீங்கியிருக்கும் அந்த நாட்களில் எலியைக் கடிக்க விட்டால், வலி எலியால் வந்தது என்று நாய் நினைத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் ஆட்டுப் பட்டி, கோழிகள், டிராக்டர் சத்தம், கிணற்று மோட்டார், சந்தைக்குப் போகும் தக்காளிக் கூடைகள் ஏற்றும் கூட்டம் ஆகியவற்றுக்குப் பழக்கினேன். ‘வா’, ‘உடு’ என்ற இரண்டு சொற்களை மட்டும் கற்றுக்கொடுத்தேன். என் மச்சானுக்கு இவ்வளவு பொறுமை இல்லை. நான்கு மாதக் குட்டியான வெள்ளக்காலைத் தகர டிரம்முக்குள் இறக்கி, பிடித்து வைத்திருந்த பெருச்சாளியையும் உள்ளே விட்டார். ஓடவும் இடமில்லாத இடத்தில் பெருச்சாளி குட்டியின் மூக்கைக் கடித்துக் கிழித்தது. ஊரில் பலரும் செய்யும் சோதனைதான் இது. இதில் குட்டியைப் பற்றியும் ஒன்றும் தெரிவதில்லை, எலியைப் பற்றியும் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு உயிர்களுக்கும் கொடுமை என்பது மட்டும் மிச்சம். அதே வாரத்தில் கோழியைத் துரத்தியதற்காக அவர் அதை அடித்தும் வைத்தார்.

ஆடி மாதம் ஆறு மாதம் நிறைந்ததும் மோப்பச் சோதனையைத் தொடங்கினேன். பழைய எலி வளையிலிருந்து எடுத்த படுக்கைப் புல்லைக் கோணிப்பைக்குள் வைத்துக் கட்டி, தரிசு நிலத்தில் நாற்பது அடி எடுத்து வைக்கும் தூரம் இழுத்துச் சென்று, முடிவில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்தேன். முதல் நாள் காலைப் பத்து மணிக்குச் செய்தபோது இரண்டு நாய்களும் பத்தடிகூடப் போகவில்லை. ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது, மண் சுட்டது, இரண்டும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தன. வாயால் இரைக்கும் நாய் மூக்கால் வேலை செய்யாது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, புல்லில் ஈரம் இருந்தபோது, அதே நாய்கள் அதே தூரத்தை நேராகப் போய் முடித்தன. நேரம் பார்க்காமல் நாயை மட்டம் தட்டியிருந்தால் இரண்டையும் அன்றே கழித்திருப்பேன்.

எங்கள் பக்கத்து நிலங்களில் எலி பிடிக்க வரும் இருளர் பெரியவர் ஒருவர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவலை போன வேகத்தைக் காட்டி, எப்படி என்று கேட்டேன். “ஓடறப்ப எல்லா நாயும் வேட்ட நாய்தான், தம்பி. எலி உள்ள பூந்ததுக்கு அப்பறம் என்ன பண்ணுதுன்னு பாரு” என்றார். “அதை இப்ப எப்படிங்க தாத்தா பாக்கறது?” என்றதற்கு, பையைப் பாதி வழியில் தூக்கிவிடச் சொன்னார்.

மறுநாள் அப்படியே செய்தேன். இருபது அடி இழுத்த பிறகு பையை மண்ணில் படாமல் தூக்கி, பக்கவாட்டில் ஐந்தடி தள்ளிப் போய், அங்கிருந்து மீண்டும் இழுத்தேன். வாடை அறுந்த இடத்தைச் செவலை கவனிக்கவே இல்லை. அதே வேகத்தில் நேராக இன்னும் இருபது அடி ஓடி, பிறகு நின்று, தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. நான் கையைக் காட்டுவேன் என்று எதிர்பார்த்தது. கருப்பி இரண்டடி தாண்டியதும் நின்றது. வால் அசைவு நின்றது. திரும்பி, கடைசியாக வாடை இருந்த இடத்துக்கே வந்து, அங்கே மண்ணைத் தொடும் அளவுக்கு மூக்கை வைத்து, முதலில் ஒரு முறம் அகலத்துக்கு வட்டம் போட்டது. பிறகு ஒரு கட்டில் அகலத்துக்கு. மூன்றாவது வட்டத்தில் பக்கத்துக் கோட்டைத் தொட்டதும் வால் மீண்டும் ஆடத் தொடங்கியது. இந்த நேரம் முழுவதும் அது என்னை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டாங்கச்சியைச் சுற்றி வந்த அதே குட்டியை ஐந்து மாதம் கழித்துப் பெரிய அளவில் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அமெரிக்காவின் மலைப்பகுதிகளில் ‘கர்’ என்று அழைக்கப்படும் வேலை நாய்கள் இருக்கின்றன. அணிலையோ ரக்கூனையோ விரட்டி மரத்தில் ஏற்றிவிட்டு, வேட்டைக்காரர் வந்து சேரும் வரை அடிமரத்தில் நின்று குரைப்பது அவற்றின் வேலை. அங்கும் இளம் நாயை மதிப்பிடுபவர்கள் ஓட்டத்தைவிட, இரை கண்ணுக்கு மறைந்த பிறகு அடிமரத்தை விட்டு நகராமல் நிற்கிறதா என்பதையே பார்க்கிறார்கள். நம் வளையும் ஒரு மரம்தான், தலைகீழாக மண்ணுக்குள் போகிற மரம்.

புரட்டாசிக் கடைசியில் கடலைக் காட்டில் உண்மையான வளைகளிடம் நாய்களைக் கொண்டு போனபோது நான் ஒரு பெரிய தவறு செய்துகொண்டிருந்தேன், அது மூன்று நாட்களுக்குப் புலப்படவில்லை. கரம்பை எலி தன் வளை வாயைப் புதுமண்ணால் அடைத்து வைக்கும்; மண் ஈரமாகவும் பொலபொலவென்றும் இருந்தால் உள்ளே எலி உண்டு. முதல் மூன்று நாட்களும் இரண்டு நாய்களும் எலி உள்ள வளையைத் தவறாமல் காட்டின. நானும் மகிழ்ந்தேன். மகள்தான் சொன்னாள்: “அப்பா, நீங்க எந்த வளையைப் பாக்கறீங்களோ அங்கதான் செவலை நிக்குது.” உண்மைதான். புதுமண் கண்ட இடத்தில் என் நடை தானாகவே தளர்ந்தது, நாய் அதைப் படித்தது.

அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். மாலையில் மகள் வரப்போரம் இருந்த பன்னிரண்டு வளை வாய்களையும் காலால் மிதித்து மூடினாள். விடிந்ததும் அவள் மட்டும் போய், இரவில் எலி திறந்த வாய்கள் எவை என்று பார்த்துப் படம் வரைந்துகொண்டு, பன்னிரண்டையும் மறுபடி ஒரே மாதிரி மிதித்து மூடிவிட்டு வந்தாள். அவள் கால் வாடையும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக மூடியே கிடந்தவற்றையும் மிதித்தாள். அதற்குப் பிறகுதான் எதுவும் தெரியாத நான் நாயோடு போனேன். அன்று எலி இருந்த வளைகள் ஐந்து. கருப்பி நான்கில் நின்று மண்ணை ஒரு முறை பிறாண்டியது. காலியான ஒன்றிலும் நின்றது. செவலை மூன்றில் நின்றது; ஆனால் காலியானவற்றில் நான்கிலும் நின்றது, ஒவ்வொன்றிலும் என் முகத்தைப் பார்த்தது. நான்கு நாட்கள் இப்படிச் செய்தோம். கணக்கு நாளுக்கு நாள் சற்று மாறினாலும், என் முகத்தைப் பார்க்கும் பழக்கம் செவலையிடம் மாறவே இல்லை. சின்ன வயதில் நான் அதைக் கையசைத்தே ஓட்டியிருக்கிறேன். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஐந்தாம் நாள் பெரியவர் புகைப் பானையோடு வந்தார். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்துக் கங்கு வைத்து, வாயை வளையில் பொருத்தி, துளை வழியே ஊதினார். வெளியே தெரியும் வாய்களையெல்லாம் மூடியாயிற்று. ஆனால் எலி தப்புவதற்கென்றே, மேலே மெல்லிய மண் மட்டும் மிச்சம் வைத்து ஒரு வழியைத் தோண்டி வைத்திருக்கும். அது எங்கே என்று நமக்குத் தெரியாது. செவலை பானையைச் சுற்றியே குதித்தது. மூக்கைப் புகைக்குள் விட்டுத் தும்மியது. கருப்பி முதலில் பானையிடம் நின்றது, பிறகு நாலடி பின்வாங்கியது, தலையைச் சாய்த்து ஒரு காதை மண் பக்கம் திருப்பியது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 40,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். எலிகள் அந்த எல்லையிலும் ஒலி எழுப்புபவை. அது என்ன கேட்டதோ, கடலைச் செடிகளுக்கு இடையே வரப்பிலிருந்து ஆறடி தள்ளி, ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் போய் முன்காலைத் தூக்கியபடி நின்றது. பெரியவர் ஊதுவதை நிறுத்தாமல் கண்ணால் எனக்கு அதைக் காட்டினார். சற்று நேரத்தில் அந்த இடத்து மண் ஒரு கைப்பிடி அளவுக்கு எழும்பி உடைந்தது.

வந்தது கொழுத்த கரம்பை எலி. இன்னொரு வகை வயல் எலியான வெள்ளெலி என்றால் துள்ளிக் குதித்துத் திசை மாற்றி ஓடும். கரம்பை எலி மூலையில் சிக்கினால் திரும்பி நின்று சீறும். கருப்பி கவ்விய இடம் சரியில்லை. எலி வளைந்து அதன் கீழுதட்டைக் கடித்துத் தொங்கியது. கருப்பி கத்திக்கொண்டு உதறியதில் எலி விழுந்து ஓட, செவலை பத்தடியில் அதை மடக்கிக் கழுத்தைப் பிடித்து ஒரே உதறலில் முடித்தது. பிடிப்பதில் செவலைக்கு இணை இல்லை என்பதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அதன் பிறகு மூன்று வாரங்களுக்குக் கருப்பி வளையைக் காட்டியது, ஆனால் எலி வெளியே வந்தால் பின்வாங்கியது. நோட்டில் ‘முடிந்தது’ என்று எழுதப்போனவன், வயது ஒன்பது மாதம்கூட ஆகவில்லை என்பதை நினைத்து நிறுத்திக்கொண்டேன். உதட்டுப் புண் ஆறிய பிறகு கட்டாயப்படுத்தாமல் வைக்கோல் போரடியில் சுண்டெலிகளிடம் விட்டேன். அங்கே கடி வாங்காமல் கவ்வும் விதத்தை அது தானே கற்றது. நடுவில் முதல் பருவத்துக்கு வந்ததால் ஒரு மாதம் வேலையும் நின்றது. தெருவின் அத்தனை கடுவன்களும் எங்கள் வாசலில் காவலிருந்தன.

கேழ்வரகு முற்றும் நேரத்தில் நடந்த ஒன்று என்னைக் கலக்கியது. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் என்னிடம் சொல்லாமல் துத்தநாக பாஸ்பைடு கலந்த பொரியை வரப்பில் வைத்திருந்தார். செவலை பிடித்ததைத் தின்னும் பழக்கமுள்ளது. நச்சுண்டு கிடந்த எலியை அது கவ்வியதை நான் பார்த்துவிட்டு ‘உடு’ என்று கத்தியும் அது விடவில்லை, விழுங்கிவிட்டது. இந்த மருந்து வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. வயிறு நிரம்பினால் அமிலம் கூடும் என்பதால் பாலோ சோறோ கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் தொலைபேசியிலேயே எச்சரித்தார். வாந்தி எடுக்கவைத்து மருந்தகத்திலிருந்து திரும்பிய பிறகு, இரவு முழுவதும் அது கோணியில் நடுங்கிக்கொண்டு கிடந்தது, பிழைத்தது. பிடித்த எலியைக் காலடியில் போட்டுவிட்டு நிற்பது கருப்பியின் இயல்பு. இந்த இயல்பை நான் முன்பு ஒரு தகுதியாகவே எண்ணியிருக்கவில்லை. இப்போது மோப்பத்துக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன்.

வேறு சில குறைகளும் இருவரிடமும் உண்டு. கருப்பி தோண்டத் தொடங்கினால் நிறுத்தாது. பாசன வரப்பில் ஒரு முறை அது போட்ட பள்ளத்தில் தக்காளிக்குப் போக வேண்டிய தண்ணீர் முழுவதும் தரிசில் பாய்ந்துவிட்டது. இப்போது முதல் பிறாண்டலோடு கூப்பிட்டுக்கொள்கிறேன். வளையில் எலிக்குப் பதிலாகப் பாம்பு இருக்கலாம் என்பதால், அது எப்போதும்போல் நெருங்காமல் தள்ளி நின்று, மயிர் சிலிர்த்து, வெட்டி வெட்டிக் குரைத்தால் நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். இரண்டு முறை அப்படி நடந்தது. ஒரு முறை நாகப்பாம்பு வெளிவந்து போனது, மறுமுறை எதையும் காணவில்லை.

மார்கழியில் யானை வந்த இரவுதான் செவலையின் வழக்கைத் தீர்த்தது. காட்டுப்பன்றிகளை வரப்பில் நின்றே குரைத்து விரட்ட அது நன்றாகப் பழகியிருந்தது. கிட்டப் போய்க் கோரைப் பல்லில் வயிறு கிழிபடும் முட்டாள்தனம் அதனிடம் இல்லை. ஆனால் யானையிடம் குரைக்கும் நாய், யானை திரும்பினால் தன் ஆளிடம்தான் ஓடி வரும். பின்னாலேயே யானையும் வரும். அன்று பரணிலிருந்து நான் ஒரே ஒரு முறை ‘வா’ என்றேன். கருப்பி வந்தது. செவலையும், நான் நம்பவே முடியாதபடி, ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பி வந்து பரணடியில் படுத்தது. என் முகத்தை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பழக்கம் எலி வேட்டைக்கு ஆகாது; இரவுக் காவலுக்கு அதைவிட நல்ல பழக்கம் வேறில்லை.

பதினான்காம் மாதத்தில், பங்குனியில், மகள் முன்புபோலவே வளைகளை மூடி வைக்க, மீண்டும் சோதித்தோம். கருப்பி எலி இருந்த ஆறு வளைகளையும் காட்டியது, காலி வளை எதிலும் நிற்கவில்லை. செவலை அரை நிலத்தோடு சலித்துப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. இப்போது வயலில் கருப்பி தேடுகிறது, செவலை பிடிக்கிறது, ‘உடு’ என்ற சொல்லுக்குச் செவலை ஓரளவு இணங்குகிறது. கருப்பியை ஒரு ஈற்று ஈனவிட்டுப் பிறகு கருத்தடை செய்வதா, இப்போதே செய்வதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இந்த ஆண்டுக் கடலை முடியட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

மச்சான் சென்ற வாரம் வெள்ளக்காலைக் கொண்டுவந்து எங்கள் கொட்டகையில் கட்டிவிட்டார். “இது எதுக்கும் ஆவாது, மாமா. எலியைக் கண்டா என் கால் சந்துல வந்து நிக்குது” என்றார். ஒரே தாய் வயிற்றுக் குட்டிதான். மூக்கின் மேல் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, கையைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்கிறது. எலியைப் பற்றி அதனிடம் இப்போதைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. மூன்று கொட்டாங்கச்சிகளையும் கருவாட்டையும் மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று நாட்கள் அது சுவரோரத்தை விட்டு வரவில்லை. நேற்று மாலை, நான் வெளியே போனதாக நினைத்து, நடு ஓட்டைப் புரட்டி உட்புறத்தை முகர்ந்துகொண்டு நின்றதை மகள் சன்னல் வழியாகப் பார்த்து எண்ணியிருக்கிறாள். அறுபத்தி இரண்டு வரை எண்ணினாளாம்.